நீலகிரி மலை ரயிலை வீட்டுக்குள் கட்டுவது எப்படி: மலைச்சரிவோடு ஒரு மாதிரி ரயில் அமைப்புக்கு முழுமையான வழிகாட்டி

மாதிரி ரயில் கட்டத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் தண்டவாளத்தைப் போட்டுவிடுகிறார்கள். பிறகு இடம் மிஞ்சும் மூலைகளில் மலையை வைக்கிறார்கள். எவ்வளவு அழகாக வண்ணம் பூசினாலும், அந்த மலை தண்டவாளத்தின் மேல் கவிழ்த்த மூடியாகவே தெரியும். உண்மையான பாதை அப்படி உருவாகவில்லை. மலை முன்பே இருந்தது. பொறியாளர்கள் அதன் மடிப்புகளைப் படித்து, எங்கே ஒட்டிப் போகலாம், எங்கே வெட்டலாம், எங்கே குடைய வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். நம் அமைப்பிலும் ஒவ்வொரு குகைக்கும் பாலத்துக்கும் தடுப்புச் சுவருக்கும் மலையில் ஒரு காரணம் இருக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு வேலையையும் இந்த நோக்கில்தான் சொல்லியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக நீலகிரி மலை ரயிலை எடுத்துக்கொள்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இல் திறக்கப்பட்டு, 1908இல் உதகமண்டலம் வரை நீண்ட பாதை இது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஏறத்தாழ 46 கி.மீ. நீளத்தில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். மாதிரி கட்டுகிறவருக்கு இதைவிட வளமான பாதை இந்தியாவில் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

பல்சட்டம் தரும் பெரிய வசதி

மலையடிவாரத்துக் கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் மிகச் செங்குத்தான இடங்களில் 12க்கு 1, அதாவது 8.33 சதவீதம். வெறும் சக்கரப் பிடிப்பை நம்பிச் சாதாரண நீராவி ரயில் அதில் ஏறுவது மிகக் கடினம். அதனால் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே, அவற்றின் மட்டத்தைவிடச் சற்று உயரத்தில், பற்கள் கொண்ட இரண்டு சட்டங்கள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றின் இடைவெளி வரும்படி அவை தள்ளிப் பொருத்தப்பட்டுள்ளன. என்ஜினின் அடியிலுள்ள பற்சக்கரம் எந்த நொடியிலும் பிடியை இழக்காது. சுவிட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது.

மாதிரி கட்டுகிறவருக்கு இதனால் மிச்சமாவது இடம். சாதாரண மாதிரி ரயிலுக்கு 2 சதவீத ஏற்றமே நல்லது, சிறிய ரயிலானால் 4 வரை போகலாம். 20 செ.மீ. உயரம் ஏற 2 சதவீதத்தில் 10 மீட்டர் பாதை வேண்டும், 4 சதவீதத்தில் 5 மீட்டர். பல்சட்டத்தில் அதே உயரத்தை மூன்றே மீட்டரில் ஏறிவிடலாம். ஒரு படுக்கையறையின் இரண்டு சுவர்களில் நிஜமான மலையேற்றத்தைக் காட்ட இதுவே வழி.

அளவைத் தேர்ந்தெடுத்தல்

நீலகிரிப் பாதை மீட்டர் கேஜ், 1000 மி.மீ. அகலம். 1:87 என்ற எச்ஓ அளவில் அதைச் சுருக்கினால் 11.5 மி.மீ. வரும். எச்ஓஎம் என்று அழைக்கப்படும் 12 மி.மீ. தண்டவாளம் இதற்கு மிக நெருக்கம். இந்தத் தண்டவாளத்தைப் பீக்கோ, டில்லிக் போன்ற நிறுவனங்கள் தயாரிக்கின்றன. ஜெர்மனியின் பெமோ நிறுவனம் சுவிஸ் மீட்டர் கேஜ் ரயில்களுக்கு என்றே எச்ஓஎம் அளவில் பல்சட்டப் பாதையும் பல்சக்கர என்ஜின்களும் செய்கிறது. சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா-ஓபரால்ப் பாதையும் மீட்டர் கேஜ்தான், அதிலும் ஆப்ட் பல்சட்டம்தான். ஆகவே அந்தப் பாகங்கள் நீலகிரிக்குத் தொழில்நுட்ப அளவிலும் பொருந்துகின்றன.

‘என்’ (N) எனப்படும் 1:160 அளவில் மீட்டர் கேஜுக்கு 6.25 மி.மீ. வேண்டும். அதைவிடச் சிறிய இசட் (Z) அளவுத் தண்டவாளத்தின் 6.5 மி.மீ. அகலம் கிட்டத்தட்ட சரி. ஆனால் அந்த அளவில் ஓடும் பல்சட்டத்தை நம் கையால் செய்வது கடினம். அறை மிகச் சிறியதாக இருந்தால் மட்டும் அதை நினைக்கலாம்.

அடுத்து, சுருக்குவது. 46 கி.மீ. பாதையை 1:87இல் அப்படியே போட்டால் 500 மீட்டருக்கு மேல் நீளும். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையிலுள்ள உயரத்தை மட்டும் கட்டவே ஐந்து மாடிக் கட்டடம் வேண்டும். எதை விடுவது என்று தீர்மானிப்பதே வடிவமைப்பின் முதல் வேலை. ஊட்டியை விட்டுவிடுங்கள். மேட்டுப்பாளையத்தையும் விடலாம். கல்லாறு, ஹில்குரோவ், குன்னூர் மூன்றும் போதும். இந்த மூன்று நிலையங்களுக்குள் சமவெளியின் பாக்குத் தோப்பு, நடுச்சரிவின் அடர்காடு, மேட்டின் தேயிலை என்று மூன்று உலகங்களும் வந்துவிடுகின்றன.

ஒரு திட்டம், எண்களோடு

சுவர்களை ஒட்டி எல் வடிவில், ஒரு கை 3.6 மீட்டர், மறு கை 2.4 மீட்டர், அகலம் 75 செ.மீ. இதில் ஏறத்தாழ 5.5 மீட்டர் பாதை கிடைக்கும். கல்லாறு நிலையம் 90 செ.மீ. சமதளம், பிறகு 1.5 மீட்டர் பல்சட்ட ஏற்றம், ஹில்குரோவ் 70 செ.மீ., மறுபடி 1.5 மீட்டர் ஏற்றம், குன்னூர் 90 செ.மீ.

1.5 மீட்டருக்கு 12க்கு 1 என்றால் 12.5 செ.மீ. ஏற வேண்டும். ஆனால் சமதளத்திலிருந்து திடீரென்று ஏற்றத்துக்குத் திரும்பினால் என்ஜினின் நடுச் சக்கரங்கள் அந்தரத்தில் நிற்கும். ஆகவே ஏற்றத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் தலா 30 செ.மீ. தூரத்துக்குப் பாதை மெல்ல வளைந்து சாய வேண்டும். அதில் 2.5 செ.மீ. குறைந்து, ஒவ்வொரு ஏற்றத்திலும் 10 செ.மீ. கிடைக்கும். கல்லாறு தரையிலிருந்து 100 செ.மீ. உயரத்தில் என்றால் ஹில்குரோவ் 110, குன்னூர் 120. மலையின் உச்சியைச் சுவரோரம் 170 வரை கொண்டுபோகலாம்.

வளைவின் ஆரம் 60 செ.மீ., எந்த இடத்திலும் 45க்குக் கீழே போக வேண்டாம். இதைவிடச் சிறிய வளைவில் ஓடக்கூடிய எச்ஓஎம் வண்டிகள் உண்டு. ஆனால் இந்தப் பாதையில் என்ஜின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது. இழுக்கப்படும் பெட்டி தாங்கும் வளைவைத் தள்ளப்படும் பெட்டி தாங்காது.

காகிதத்தில் வரைந்ததும் மரவேலைக்குப் போய்விடாதீர்கள். பத்தில் ஒரு பங்கு அளவில் களிமண்ணாலோ அட்டையாலோ ஒரு சிறு மாதிரி செய்யுங்கள். அதில் முதலில் மலையைச் செய்து, அப்புறம் ஒரு நூலைப் பாதையாக ஒட்டிப் பாருங்கள். நூல் எங்கே மலைக்கு வெளியே தொங்குகிறதோ அங்கே பாலம் அல்லது தடுப்புச் சுவர். எங்கே மலைக்குள் புதைகிறதோ அங்கே வெட்டு அல்லது குகை. கல்லாறு, குன்னூர் சரிவுகளைக் கூகுள் எர்த்தில் சாய்வாக வைத்துப் பார்த்தால் மலை எப்படி மடிகிறது என்பது புரியும். பாதை ஒவ்வொரு மடிப்பிலும் உள்ளே போய், ஓடையைத் தாண்டி, அடுத்த முகட்டைச் சுற்றி வெளியே வருகிறது. சுற்ற முடியாத அளவுக்குக் கூர்மையான முகட்டில்தான் குகை.

சட்டகம்

நம் ஊர்களில் மரச் சட்டகத்துக்கு இரண்டு எதிரிகள்: கரையானும் ஈரமும். அலமாரிகளுக்குப் பயன்படும் துளையிட்ட இரும்பு ஆங்கிள்களால் கால்களையும் வெளிச் சட்டத்தையும் கட்டுவதே நல்லது. நட்டைத் தளர்த்தி உயரத்தை மாற்றலாம், வீடு மாறும்போது பிரித்தும் எடுத்துச் செல்லலாம். ஒவ்வொரு துண்டும் 1.2 மீட்டருக்கு மேல் நீளாமல் இருந்தால் கதவு வழியாக வெளியே போகும்.

சட்டத்தின் மேல்மட்டம் 75 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், கல்லாறு பாதையைவிட 25 செ.மீ. தாழ்வாக. இந்தப் பள்ளம்தான் முழு அமைப்பின் உயிர். மேசைப் பலகையின் மேல் நேரடியாகத் தண்டவாளத்தைப் போட்டால் நிலம் மேலே மட்டுமே போகும், கீழே இறங்காது. மலைப்பாதையில் போகிறவருக்கு ஒரு பக்கம் மேலே உயரும் பாறை, மறுபக்கம் கீழே இறங்கும் பள்ளம். மாதிரியிலும் இரண்டும் வேண்டும். ஆகவே முழுப் பலகை வேண்டாம். 12 மி.மீ. நீர்தாங்கும் பிளைவுட்டில் 8 செ.மீ. அகலப் பட்டைகளை அறுத்து, அவற்றை மட்டும் 30 செ.மீ.க்கு ஒரு தாங்கு கட்டை வீதம் சட்டத்திலிருந்து தூக்கி நிறுத்துங்கள். நிலையங்கள் வருமிடத்தில் பட்டையை அகலமாக்கிக்கொள்ளலாம். பிளைவுட்டின் ஆறு பக்கங்களிலும் பெயின்ட் அடித்தே ஆக வேண்டும். வெட்டிய ஓரங்களை விட்டுவிட்டால் ஐப்பசி மழையில் அவை ஊதி, தண்டவாளத்தையும் தூக்கும்.

எல் வடிவின் மூலையில் கை எட்டாது. மனிதக் கை வசதியாக எட்டும் தூரம் 60, 70 செ.மீ.தான். மூலையின் அடியிலிருந்து தலையை நுழைக்க 50 செ.மீ. சதுர வழி ஒன்றை இப்போதே விட்டுவையுங்கள்.

தண்டவாளமும் பல்சட்டமும்

பட்டையின் மேல் 3 மி.மீ. கார்க், அதன் மேல் வளைக்கக்கூடிய தண்டவாளம். வளைவுக்குள் வரும் இணைப்புகளை முதலில் நேராக வைத்துச் சால்டர் செய்து, பிறகு சேர்த்து வளைத்தால் முறிவு தெரியாது. நேர்ப்பகுதியில் 1 மீட்டருக்கு ஓர் இணைப்பை மட்டும் சால்டர் செய்யாமல் நகத்தின் கனமளவு இடைவெளி விடுங்கள்.

பல்சட்டத்தில் கவனம் மூன்று இடங்களில் வேண்டும். அது தண்டவாளங்களுக்குச் சரியான நடுவில் இருக்க வேண்டும், அதன் உயரம் முழுநீளத்துக்கும் ஒரே சீராக இருக்க வேண்டும், அது தொடங்கும் இடம் நெகிழ வேண்டும். கல்லாறில் என்ஜின் பல்சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் வில்சுருள் தாங்கிய நுழைவுத் துண்டு ஒன்று உண்டு. பற்சக்கரத்தின் பல் நேராகச் சட்டத்தின் பல்மேல் வந்து உட்கார்ந்தால் அந்தத் துண்டு அமுங்கிக் கொடுக்கும், அடுத்த கணமே பற்கள் பூட்டிக்கொள்ளும். மாதிரியிலும் முதல் 3 செ.மீ. பல்சட்டத்தை மெல்லிய பித்தளைத் தகட்டின் மேல் மிதக்க விடுங்கள்.

என்ஜின் விஷயத்தில் ஒரு நடைமுறை யோசனை. நீலகிரியின் பழைய எக்ஸ் வகை நீராவி என்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் எஸ்எல்எம் நிறுவனம் கட்டியவை. அவற்றில் நான்கு சிலிண்டர்கள்: இரண்டு சக்கரங்களை ஓட்டும், இரண்டு பற்சக்கரங்களை ஓட்டும். இதை எச்ஓ அளவில் முழுமையாக இயங்கவைப்பது பெரும் சவால். மோட்டாரையும் பற்சக்கரத்தையும் என்ஜினை அடுத்துள்ள பெட்டிக்குள் வைத்துவிட்டு, என்ஜினைத் தானாக உருளும்படி அழகாகக் கட்டுவது எளிது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வேறுபாடு தெரியாது. உடற்பகுதியை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டிலோ முப்பரிமாண அச்சிலோ செய்யலாம்.

பெட்டிகளுக்கு எடை சேர்ப்பதை மறக்க வேண்டாம். அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தின் வழக்கப்படி எச்ஓ அளவில் பெட்டிக்கு 28 கிராம், அதன் மேல் ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் 14 கிராம். குறுகிய பாதைக்கு இதைவிடக் கொஞ்சம் குறைவு போதும். எல்லாப் பெட்டிகளும் ஒரே விகிதத்தில் கனமாக இருப்பதுதான் முக்கியம். நடுவில் ஒரு பெட்டி மட்டும் இலேசாக இருந்தால், தள்ளும்போது அதுவே தடம் புரளும். இணைப்புக் கொக்கி, போகி எனப்படும் அடிச் சக்கரத் தொகுதியில் இல்லாமல் பெட்டியின் உடலில் பொருந்தியிருக்க வேண்டும்.

மின்சாரம் சுருக்கமாக: அடியில் 1.5 சதுர மி.மீ. இரட்டைக் கம்பி முழுநீளத்துக்கும், ஒவ்வொரு மீட்டருக்கும் அதிலிருந்து தண்டவாளத்துக்கு மெல்லிய கம்பி. சிவப்பும் கறுப்பும் எங்கும் மாறக்கூடாது. பல்சட்டத்தில் ஒரு நேரத்தில் ஒரே ரயில் என்பதால் 12 வோல்ட் சாதாரணக் கட்டுப்பாட்டுப் பெட்டியே போதும். குன்னூரில் ஊட்டிப் பக்கத்து டீசல் என்ஜினையும் தனியே நகர்த்த விரும்பினால் ஒவ்வொரு என்ஜினுக்கும் தனித்தனியே கட்டளை அனுப்பும் டிசிசி (DCC) முறைக்குப் போகலாம். 230 வோல்ட் மின்சாரத்தைச் சட்டகத்துக்குள் கொண்டுவரக் கூடாது, தரமான அடாப்டர் வெளியிலேயே இருக்கட்டும்.

இந்தக் கட்டத்தில் நில்லுங்கள். ஒரு துளி பிளாஸ்டரும் ஊற்றாமல் இரண்டு மூன்று வாரம் ரயிலை மட்டும் ஓட்டுங்கள். ஏற்றத்தில் தள்ளி, இறக்கத்தில் தாங்கி, வளைவில் நிறுத்திப் புறப்பட்டு, எல்லா வகையிலும். ஓரிடத்தில் ஒருமுறை தடம் புரண்டால் கவனியுங்கள், இரண்டாம் முறையும் அதே இடம் என்றால் அங்கே தண்டவாளத்தைக் கழற்றுங்கள். குகைக்குள் மறையப்போகும் பகுதிக்கு இந்தச் சோதனை இன்னும் கடுமையாக வேண்டும்.

மலையை எழுப்புதல்

6 மி.மீ. பிளைவுட்டிலோ கெட்டியான அட்டையிலோ மலையின் குறுக்குவெட்டு வடிவங்களை அறுத்து, 30 செ.மீ.க்கு ஒன்றாகச் சட்டத்தில் நிறுத்துங்கள். அவற்றின் மேல் ஜன்னலுக்கு அடிக்கும் அலுமினியக் கொசுவலையை விரித்து ஸ்டேப்ளரால் பிடியுங்கள். வலையைக் கையால் அழுத்தி மடிப்புகளையும் முகடுகளையும் உருவாக்கலாம். தெர்மோகோலை அடுக்கிச் செதுக்கும் முறையும் உண்டு. ஆனால் அதன் துகள் தடம் மாற்றும் பாயின்ட்டுகளுக்குள் புகும், ஸ்பிரே பெயின்ட் பட்டால் உருகும். வலை முறையே எனக்கு உகந்தது.

சரிவின் கோணம்தான் கண்ணை ஏமாற்றுவதும் காட்டிக்கொடுப்பதும். மண் சரிவு 35 பாகைக்கு மேல் பெரும்பாலும் நிற்காது. அதற்கு மேல் செங்குத்தாகப் போனால் அங்கே பாறை வெளியே தெரிய வேண்டும் அல்லது கல் தடுப்புச் சுவர் இருக்க வேண்டும். செங்குத்தான சரிவில் பச்சைப் புல்லை ஒட்டிவைத்திருக்கும் அமைப்புகள் பொய்யாகத் தோன்றுவது இதனால்தான்.

வலையின் மேல், எலும்பு முறிவுக்குக் கட்டும் பிளாஸ்டர் துணிச்சுருள். மருந்துக் கடைகளில் கிடைக்கும். தண்ணீரில் நனைத்து, ஒன்றன் மேல் ஒன்று பாதியளவு படியும்படி இரண்டு அடுக்கு விரித்தால், காய்ந்த பிறகு கையை ஊன்றினாலும் அமுங்காத ஓடு கிடைக்கும். பாதையையும் பல்சட்டத்தையும் முன்பே பேப்பர் டேப்பால் மூடிவிடுங்கள். அந்த ஓட்டின் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை மெலிதாகப் பூசும்போது, தரைக்குப் போடும் சிவப்பு ஆக்சைடு பொடியைச் சிறிதளவு கலந்துகொள்ளுங்கள். பின்னாளில் எங்காவது பெயர்ந்தாலும் வெள்ளையாகப் பல்லிளிக்காமல் செம்மண்ணாகத் தெரியும்.

ஓடு காய்ந்ததும் ஒரு கைப்பிடி கடுகை உச்சியிலிருந்து தூவுங்கள். கடுகு சேர்ந்து ஓடும் வழிகளே உங்கள் மலையின் ஓடைகள். ஒவ்வோர் ஓடையும் பாதையைச் சந்திக்கும் இடத்தில் ஒரு பாலமோ சிறு மதகோ இருந்தே ஆக வேண்டும். 46 கி.மீ.க்கு 250 பாலங்கள் வந்தது இப்படித்தான். கடுகு எங்கேயாவது தேங்கி நின்றால் அங்கே நிலம் தவறு, மேலும் ஒரு பூச்சில் சரிசெய்யுங்கள்.

குகை வாய்களுக்கு மேலே போதிய பாறை இருக்கட்டும். குகை வாயின் உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது மேலே மலை இல்லையென்றால், அதைக் குகையாக வைக்காமல் மேலே திறந்த வெட்டாக மாற்றிவிடுங்கள். குகையின் உட்சுவரை 15 செ.மீ. ஆழத்துக்காவது பாறையாகச் செய்து கறுப்பு அடிக்க வேண்டும். வாயின் மேல் வளைவில் நீராவி என்ஜினின் கரி படிந்திருக்கும்.

பாறையும் மண்ணும்

வெளிநாட்டுப் பாறை அச்சுகளை வாங்கும் முன் யோசியுங்கள். அவற்றில் பல, அடுக்கடுக்காகப் பிளவுபடும் படிவுப் பாறைகளையும் ஆல்ப்ஸின் கூர்முனைகளையும் பார்த்துச் செய்தவை. நீலகிரியின் பாறை சார்னோகைட், பழமையான, கருமை கலந்த சாம்பல்நிறக் கல். அது பெரிய பாளங்களாக நிற்கும், வெயிலிலும் மழையிலும் வெங்காயம்போல் தோல் தோலாக உரிந்து உருண்டை வடிவம் கொள்ளும். சென்னைவாசிகள் பரங்கிமலையில் இதே இனப் பாறையைத் தொட்டுப் பார்க்கலாம்.

அச்சை நீங்களே செய்யலாம். பிளவும் வளைவும் உள்ள ஒரு கல்லைக் கழுவிக் காயவைத்து, ரப்பர் பாலை மெல்லிய பூச்சுகளாக ஐந்தாறு முறை பூசுங்கள். நடுவில் ஒரு பூச்சில் கட்டுத்துணியைப் பதித்தால் கிழியாது. நன்றாகக் காய்ந்ததும் உரித்தெடுத்தால் அச்சு தயார். பிளாஸ்டரைத் தயிர்ப் பதத்தில் கலந்து அச்சில் ஊற்றி, இறுகத் தொடங்கும் நேரத்தில் அச்சோடு மலைமேல் அழுத்திப் பிடித்து, இருபது நிமிடம் கழித்து உரியுங்கள். ஒரே அச்சைத் திருப்பித் திருப்பி வைத்தால் ஒரே கல் என்று தெரியாது. இரண்டு வார்ப்புகளுக்கு இடையிலான இணைப்பைப் பழைய கத்தி முனையால் செதுக்கிப் பிளவாக மாற்றுங்கள்.

வண்ணத்தில் பொறுமை வேண்டும். கெட்டியான சாம்பல் பெயின்ட்டை அடித்தால் பாறை செத்துவிடும். அக்ரிலிக் வண்ணத்தைத் தண்ணீர்போல் கரைத்து, முதலில் அங்கங்கே மஞ்சள் காவிப் புள்ளிகள், அவற்றின் இடையே பழுப்பு, பிறகு எல்லாவற்றின் மேலும் மிக நீர்த்த கறுப்பு. கறுப்பு தானாகவே பிளவுகளுக்குள் இறங்கி நிழலாகும். காய்ந்ததும் உலர்ந்த தூரிகையில் வெளிர் சாம்பலை எடுத்து முனைகளில் மட்டும் தடவுங்கள். நீர் கசியும் வெட்டுகளில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு, அதன் ஓரத்தில் பாசிப் பச்சை.

மண்ணுக்கு நிஜ மண்ணே போதும். குன்னூர்ப் பக்கத்துச் செம்மண்ணைப் போன்ற மண்ணைக் காயவைத்து, மெல்லிய துணியில் சலித்து, நீர்த்த ஃபெவிக்கால் பூசிய சரிவில் தூவலாம். ஓரிடத்தில் மண்சரிவின் வடுவையும் வையுங்கள்: மேலே செங்குத்தான சிவப்புக் கீறல், கீழே விசிறியாகப் பரந்த கல்லும் மண்ணும், அதைத் தாங்கப் புதிதாகக் கட்டிய சுவர். வடகிழக்குப் பருவமழையில் இந்தப் பாதை அடிக்கடி மூடப்படுவது மண்சரிவால்தான். அந்த வடு இல்லாத நீலகிரிச் சரிவு முழுமையாகாது.

ஜல்லிக்கு எம்-சாண்ட் நல்லது. டீ வடிகட்டியில் சலித்து ஒரே அளவாக்கி, அதன் மேல் வலுவான காந்தத்தை நகர்த்தி இரும்புத் துகளை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மோட்டாரின் காந்தம் அதை இழுத்துக்கொள்ளும். உலர்ந்த ஜல்லியைத் தூரிகையால் ஒழுங்குசெய்து, தண்ணீர் தெளித்து, ஒரு பங்கு ஃபெவிக்காலுக்கு மூன்று பங்கு தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பும் கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். பல்சட்டத்தின் பற்களில் ஒரு மணல்கூட ஒட்டியிருக்கக் கூடாது.

மூன்று உயரங்கள், மூன்று பச்சைகள்

கல்லாறில் பாக்குத் தோப்பு. 15 மீட்டர் பாக்கு மரம் எச்ஓ அளவில் 17 செ.மீ. தென்னை ஈர்க்குத் துண்டு இதற்கு அளவெடுத்தது போன்ற தண்டு. வெளிர் சாம்பல் அடித்து மெல்லிய வளையங்கள் வரைந்து, உச்சியில் ஓரம் நறுக்கிய சிறு இறகுகள் ஏழெட்டு ஒட்டினால் பாக்கு மரம். நெருக்கமாக, வரிசையாக, ஒரே உயரத்தில் நட வேண்டும்.

நடுச்சரிவில் காடு. பின்புறச் சரிவில் மரத்தின் தண்டு கண்ணுக்குத் தெரியாது, கிளைத்தலை மட்டுமே தெரியும். அதற்குப் பச்சை ஸ்கிரப் பேடைப் பிய்த்து உருண்டைகளாக்கி, பசை தடவி, சாயமிட்ட மரத்தூளில் புரட்டி நெருக்கமாக ஒட்டுங்கள். மரத்தூளைப் பலகை அறுக்கும் கடையில் வாங்கி நான்கு வேறு பச்சைகளில் சாயமிட்டு வைத்துக்கொண்டால் அமைப்பு முழுவதற்கும் ஆகும். பாதையோரத்து மரங்களுக்குக் காய்ந்த துளசிச் செடியின் கிளைகள் மிக நுட்பமானவை. பூச்சி வராமலிருக்க நீர்த்த ஃபெவிக்காலில் முக்கிக் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள். முன்வரிசையில் பெரிய மரங்கள், பின்னால் போகப் போகச் சிறியவை. 75 செ.மீ. ஆழம் பல கி.மீ.போல் தோன்றுவதற்கு இந்த ஒரு ஒழுங்கே பாதிக் காரணம்.

குன்னூரில் தேயிலை. தூரத்திலிருந்து பார்த்தால் தேயிலைத் தோட்டம் பச்சைக் கம்பளமாகத் தெரியும், கிட்டப் போனால் தட்டையான தலையுடைய புதர்களும் நடுவே குறுகிய நடைவழிகளும். புதரின் உயரம் எச்ஓ அளவில் 8 முதல் 11 மி.மீ. ஸ்கிரப் பேடை அந்த உயரத்தில் ஒழுங்கற்ற வட்டங்களாக வெட்டி, சரிவின் மட்டக்கோட்டை ஒட்டி வரிசையாக ஒட்டுங்கள். மேலிருந்து கீழாகச் செங்குத்து வரிசை போட்டால் தேயிலை தெரிந்த எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். தலையில் மட்டும் கொழுந்தின் இளம்பச்சையைத் தட்டிவிடுங்கள். இடையிடையே நெட்டையான சில்வர் ஓக் மரங்கள், மேட்டின் விளிம்பில் சில தைல மரங்கள். நிஜத்தில் 30 மீட்டர் தைல மரம் எச்ஓவில் 34 செ.மீ. ஆகும். 20 செ.மீ.க்குக் குறைக்கலாம், 8 செ.மீ.க்குக் குறைத்தால் அது புதராகிவிடும்.

ஆறு, நிலையம், மனிதர்கள்

கல்லாற்றின் படுகை உருண்டைக் கற்களால் நிறைந்தது. ஆற்று மணலில் பொறுக்கிய கூழாங்கற்களை ஒட்டி, அடியை ஆழமான இடத்தில் கரும்பச்சையாகவும் ஓரத்தில் மணல் நிறமாகவும் தீட்டி, இரண்டு பாகம் கலக்கும் தெளிந்த எபாக்சியை 3 மி.மீ. அடுக்குகளாக ஊற்றுங்கள். மொத்தமாக ஊற்றினால் சூடேறி மஞ்சளாகும். ஜன்னலைத் திறந்துவைத்துக் கையுறையோடு செய்ய வேண்டிய வேலை இது. கற்களின் மேல் நுரைக்கு வெளிர் சிலிக்கோனைக் குச்சியால் இழுத்துவிடலாம்.

நிலையங்களில் கருங்கல் சுவர், தகரக் கூரை, தண்ணீர்க் குழாய்த் தூண். ஹில்குரோவில் என்ஜின் தண்ணீர் குடிக்க நிற்கும், அப்போது குரங்குகள் பிளாட்பாரத்துக்கு வரும். 6 மி.மீ. உயரத்தில் மெல்லிய கம்பியும் புட்டியும் (putty) கொண்டு நான்கு குரங்குகள் செய்துவிடுங்கள். மனித உருவம் 20 மி.மீ. உயரம். பெட்டிகளுக்கு நீலமும் இளமஞ்சளும். பல்சட்டப் பகுதியில் ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக்கைப் பிடிக்க ஒருவர் நிற்பது இந்த ரயிலின் அடையாளம். அவர்கள் கையில் பச்சை, சிவப்புக் கொடிகள். இந்தச் சிறு உருவங்களை விட்டுவிட்ட நீலகிரி மாதிரிகள் எனக்கு வெறுமையாகவே படுகின்றன.

சுவரில் வானம் தீட்டும்போது மூலையை நேர்கோணமாக விடாமல் மெல்லிய தகட்டை வளைத்துப் பொருத்துங்கள். மூன்று மலைத்தொடர்கள், ஒவ்வொன்றும் முன்னதைவிட வெளிறி, நீலம் கூடி. முன்பக்கம் மேலே 4000 முதல் 5000 கெல்வின் எல்இடி பட்டை ஒன்றே வெளிச்சத்துக்குப் போதும். இரு பக்கமிருந்தும் ஒளி வந்தால் பின்னணியில் மரத்தின் நிழல் விழும்.

ஓட்டம், பராமரிப்பு

பல்சட்டத்தில் நிஜ ரயில் மணிக்கு 10 முதல் 13 கி.மீ. வேகத்தில் ஏறுகிறது. 1:87இல் அது நொடிக்கு 3 முதல் 4 செ.மீ. ஓர் ஏற்றத்துக்கு ஏறத்தாழ முக்கால் நிமிடம். கட்டுப்பாட்டுப் பெட்டியில் உச்ச வேகத்தை இதற்குள் பூட்டிவிடுங்கள். கல்லாறில் நின்று, பல்சட்டத்துக்குள் நடைவேகத்துக்கும் குறைவாக நுழைந்து, ஹில்குரோவில் தண்ணீருக்கு ஐந்து நிமிடம் நிறுத்தி, குன்னூரில் என்ஜினைக் கழற்றுவது என்று ஓட்டினால் 5.5 மீட்டர் பாதை கால் மணி நேரப் பயணமாகிறது.

தண்டவாளத்தின் மேல்முகத்தை மாதம் ஒருமுறை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். பல்சட்டத்துக்கு எண்ணெய் வேண்டாம், அது தூசியைச் சேர்த்துப் பசையாக்கும். உலர்ந்த பல் தேய்க்கும் பிரஷ் போதும். மழைக்காலத்துக்கு முன் தண்டவாள இடைவெளிகளையும் பல்சட்ட நுழைவுத் துண்டின் அசைவையும் பாருங்கள். அடிச்சட்டத்தின் திறப்புகளை வலையால் மூடினால் எலியும் பல்லியும் குகைக்குள் குடியேறாது. ஓட்டாத நாள்களில் அமைப்பின் மேல் ஒரு மெல்லிய பருத்தி விரிப்பைப் போட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே அடைத்துப் பூஞ்சை வரவழைக்கும்.